ஊவா மலையில் கம்பளிப் பின்னல்

இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு ஒரே நூலை வளையம் வளையமாகக் கோத்துத் துணியாக்குவது பின்னல். தறித்துணிக்கு நெடுக்கே பாவு வேண்டும், குறுக்கே ஊடை வேண்டும், தறியை நிறுத்த இடமும் வேண்டும். பின்னலுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு வளையமும் முந்திய வரிசையின் வளையத்துக்குள் நுழைந்து நிற்கிறது. நூல் எங்கும் நேராக ஓடாமல் வளைந்தே செல்வதால் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வளையங்களுக்கு இடையே தங்கும் காற்று உடற்சூட்டை வெளியே விடாது. குளிர்நாட்டார் காலுறைக்கும் தொப்பிக்கும் சுவெட்டருக்கும் பின்னலைத் தேர்ந்தது இதனால்தான். இலங்கை போன்ற வெப்ப நாட்டில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர், சனவரி மாதத்து விடியற்காலையில் ஹப்புத்தளை ரயில் நிலையத்தில் ஒரு தரம் நின்று பார்க்கலாம்.

ஊவா மாகாணத்தில் இரண்டே மாவட்டங்கள்: பதுளை, மொனராகலை. மொனராகலை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை நகரம் 680 மீற்றர். பண்டாரவளை 1,200 மீற்றரையும் ஹப்புத்தளை 1,400 மீற்றரையும் தாண்டியவை. நூறு மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கில் மொனராகலைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையே 7 அல்லது 8 பாகை வித்தியாசம் வருகிறது. மொனராகலையில் விசிறி தேடிய மனிதர், வெல்லவாய, கொஸ்லந்தை வழியாக பஸ்ஸில் மலையேறி ஹப்புத்தளையில் இறங்கும்போது பையிலிருந்து சுவெட்டரை எடுப்பது இதனால்தான். ஒரே மாகாணத்துக்குள் கம்பளிக்கு இரண்டு வாழ்க்கை. பதுளைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் அது உடம்புக்கு. இறப்பரும் கரும்பும் விளையும் மொனராகலைப் பக்கத்தில் பெரும்பாலும் சுவருக்கும் வாசலுக்கும்: சாமிப் படத்துக்கு வூல் மாலை, கதவு நிலைக்குத் தோரணம், கைக்குழந்தைக்கு ஒரு தொப்பி.

தோட்டத் தமிழரின் வரலாற்றில் பின்னலுக்கு முன்பே கம்பளி வந்துவிட்டது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் வெயிற்காட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு மலைக்குளிர் புதிது. தென்னிந்தியாவில் குறும்பர்கள் ஆட்டுமயிரில் நெய்யும் முரட்டுக் கருங்கம்பளிதான் அவர்களுக்குப் போர்வை, மழைச்சட்டை, கூடை அழுத்தும் முதுகுக்கு மெத்தை எல்லாம். அரிசியைப் போலவே கம்பளியும் தோட்டக் கணக்கில் கொடுக்கப்பட்டு, விலை கூலியில் கழிக்கப்பட்டது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை வந்தது, கம்பளி மாறவில்லை. ஆங்கிலேயர் அந்தச் சொல்லைத் தங்கள் தோட்டப் பேச்சிலும் எழுத்திலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பளி தறியில் நெய்தது. ஊசியில் பின்னுவது அதற்குப் பிறகு வேறு வழியாக வந்த கலை.

உலகில் இன்று கிடைத்துள்ள பழைய ஊசிப்பின்னல்களில் குறிப்பிடத்தக்கவை எகிப்தைச் சேர்ந்தவை. நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் பின்னிய இடைக்காலத்துக் காலுறைகள் அவை. கம்பளி என்றாலே பின்னல், பின்னல் என்றாலே ஐரோப்பா என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்கலாம். எகிப்திலிருந்து ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் போனதாகக் கருதப்படும் கலை அங்கே பெருந்தொழிலாயிற்று. 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகம் ஒன்றைச் செய்தார். இன்று திருப்பூரிலும் இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் ஓடும் பின்னல் இயந்திரங்களுக்கு அதுவே மூதாதை. கையூசிப் பின்னலோ மிஷனரிமாரின் மனைவியரோடும் கன்னியாஸ்திரிகளோடும் கப்பலேறி நம் பக்கம் வந்தது. தெற்கே நாகர்கோவிலில் 1820களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்தது தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட செய்தி. இலங்கையிலும் மிஷன் பெண் பாடசாலைகளில் எழுத்தும் வேதமும் தையலும் சேர்ந்தே நடந்தன.

அந்தப் பாடசாலைகள் டவுனில் இருந்தன. தோட்டப் பிள்ளைகள் பெரும்பாலோருக்குப் படிப்பு ஒற்றை ஆசிரியரோடும் கீழ்வகுப்புகளோடும் முடிந்துபோனது. 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்று, பிள்ளைகள் மேல்வகுப்புகளுக்கு வரத் தொடங்கிய பிறகே மனைப்பொருளியல் பாடமும் ஊசி நூலும் தோட்டக் குடியிருப்பு வரிசையான லயத்துக்குள் பரவலாக நுழைந்தன. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கும் மாதங்களில் தையல் வகுப்புக்குப் போவது மலையகப் பெண்பிள்ளைகளிடையே வழக்கம். தையல் மெஷின் வாங்க முடியாதவருக்கு அந்த வகுப்பில் கையோடு வருவது பின்னலும் குரோசேயும். இரண்டுக்கும் வித்தியாசம் எளிது. பின்னலில் இரண்டு ஊசிகள், ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியிலேயே தங்கும். குரோசேயில் முனை வளைந்த ஒரே ஊசி, ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். குரோசே பூவுக்கும் மேசை விரிப்புக்கும் ஏற்றது. சுவெட்டருக்குப் பின்னலே மென்மை.

ஊசிகளுக்குப் பழைய பிரித்தானிய எண், மில்லிமீற்றர் என இரண்டு அளவுமுறைகள் இருப்பது புதியவரைக் குழப்பும். பழைய பிரித்தானிய எண்ணில் 8 என்றால் 4 மில்லிமீற்றர், 10 என்றால் 3.25 மில்லிமீற்றர், 14 என்றால் 2 மில்லிமீற்றர். எண் கூடக்கூட ஊசி மெலியும். பாட்டியின் ஊசியும் புதிதாக வாங்கிய ஊசியும் ஒரே வீட்டில் கிடந்தால் எண்ணை நம்பாமல் தடிப்பைப் பார்ப்பதே சரி. பின்னல் முழுவதும் இரண்டே கண்ணிகளில் அடங்கும்: நிட், பர்ல். ஒன்றின் முதுகு மற்றது. எல்லா வரிசையும் நிட் போட்டால் இரு பக்கமும் மேடுமேடாக வரும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றினால் முன்பக்கம் வழுவழுப்பாகும், ஆனால் ஓரம் சுருளும். ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் போட்டால் கைமுனைக்கும் கழுத்துக்கும் வேண்டிய இழுவை கிடைக்கும். மற்ற அலங்காரமெல்லாம் இவற்றைக் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியும் செய்வது.

கடையில் வூல் என்று விற்பதில் பெரும்பாலானது ஆட்டுக் கம்பளி அல்ல, அக்ரிலிக். இலங்கையில் கம்பளி தரும் ஆடு வளர்ப்பு தொழிலாக இல்லாததால் நூல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அக்ரிலிக் மலிவு, நிறம் மங்காது, துவைத்தால் சீக்கிரம் காயும். மழைக்காலத்து மலையில் இந்தக் கடைசிக் குணம் பெரிது. ஆட்டுக் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் நனைந்ததாகத் தோன்றாது, ஈரத்திலும் சூடு தரும். அக்ரிலிக்கிடம் அது கிடையாது. அதைவிட முக்கியம், நெருப்பருகே அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பு எரியும் காம்பராவில் அக்ரிலிக் சால்வை போர்த்திக்கொண்டு அடுப்பூதுவதும், அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போடுவதும் ஆபத்து. நூல் வாங்கும்போது இதைச் சொல்லி விற்கும் கடைக்காரர் அரிது.

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பின்னலுக்கான நேரம் தானாகக் கிடைப்பதில்லை. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பாடசாலைக்கோ பிள்ளை மடுவத்துக்கோ அனுப்பி, மலைக்குப் போய், பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பினால் தண்ணீரும் விறகும் இராச்சமையலும் காத்திருக்கும். அதற்குப் பிறகு வரும் ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலும் வேலை குறையும் நாட்களும்தான் ஊசிக்குரியவை. பின்னல் இந்த வாழ்க்கைக்குப் பொருந்துவதன் காரணம், அதை எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்பது. அரிசி பொங்கினால் ஊசியைச் செருகிவிட்டு எழலாம். மின்சாரம் போனால் மெழுகுதிரி வெளிச்சம் போதும். கை பழகியவருக்கு அதுவும் வேண்டாம். விரல் நுனி கண்ணியை அறியும். நாள் முழுதும் கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு மீண்டும் நுண்வேலை கொடுப்பது நல்லதா என்ற கேள்வி நியாயமானது. மணிக்கட்டு வலிப்பவர் இடையிடையே கையை விரித்து நீட்டி ஓய்வு கொடுக்க வேண்டும், விரல் மரத்தால் அன்றைக்கு ஊசியை வைத்துவிட வேண்டும். பின்னுபவர்களில் தோட்டத் தொழிலாளர் மட்டுமல்ல, முன்பள்ளி ஆசிரியைகள், எழுதுவினைஞர் வீட்டுப் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலர் உண்டு. அவர்களுக்கு நேரம் சற்றுத் தாராளம்.

ஊவாவின் பயணங்களில் பின்னலுக்கு ஏற்றது ரயில். 1893இல் ஹப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்த பாதை 1924இல்தான் பதுளையை எட்டியது. கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையமான பட்டிப்பொலையை 1,898 மீற்றரில் தாண்டி, தெமோதரையில் தன் நிலையத்துக்குக் கீழேயே சுற்றி வந்து, ஆற அமரப் போகும் வண்டி. ‘உடரட்ட மெனிக்கே’யிலோ ‘பொடி மெனிக்கே’யிலோ முழுத் தூரம் போகிறவருக்கு ஒன்பது பத்து மணி நேரம் கையில் இருக்கிறது. ஒரு குழந்தைத் தொப்பியை ஏறிய இடத்தில் தொடங்கி இறங்குமுன் முடித்துவிடலாம். சுரங்கத்துக்குள் வண்டி இருளும்போது சுற்றுலாப் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், பின்னுகிறவர் கண்ணியை விரலால் எண்ணிக்கொண்டிருப்பார். மொனராகலைக்கு ரயில் இல்லை. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் மடியைப் பார்த்துக் குனிந்து பின்னினால் தலை சுற்றும், குமட்டும். பஸ்ஸில் பின்னாமலிருப்பதே உத்தமம். பின்னியே தீருவேன் என்பவர் நீள ஊசிக்குப் பதிலாக இரு முனைகளையும் வயரால் இணைத்த வட்ட ஊசியை எடுத்துக்கொண்டால் பக்கத்து ஆசனக்காரரின் விலா தப்பும், ஊசி நழுவி ஆசனத்துக்கடியில் உருளவும் செய்யாது. விமானத்தில் போகிறவர் கைப்பையில் ஊசி கொண்டுபோகலாமா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது; விதி இடத்துக்கு இடம் மாறுகிறது.

பின்னலைத் தனிமைக் கலை என்று சொல்வதுண்டு. ஊவாவில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு லயத்தில் ஒரு பெண் ஊசி எடுத்தால் அடுத்த காம்பராப் பெண் ‘எத்தனை கண்ணி போட்ட அக்கா?’ என்று கேட்டபடி வந்து வாசற்படியில் உட்காருவாள். நூலும் அப்படித்தான் புழங்குகிறது. ஒருவரிடம் மிஞ்சிய அரை உருண்டை இன்னொருவரின் சுவெட்டர் கைக்குப் போகும். நிறம் ஒன்றேயானாலும் சாயமிட்ட தொகுதி வேறானால் துணியில் கோடு விழும் என்பதால் உருண்டைச் சீட்டிலுள்ள தொகுதி எண்ணைப் பத்திரப்படுத்தச் சொல்வதும் கூட்டாளிமாரே. கிழிந்த சுவெட்டரைப் பிரித்து நூலாக்குவது இன்னொரு கூட்டு வேலை. ஒருவர் பிரிக்க, மற்றவர் கதிரை முதுகில் சுற்றுவார். சுற்றிய நூற்கண்டை நனைத்து, கீழே சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் பழைய வளைவுகள் நீங்கும். ஆளுக்கு ஐந்து சதுரம் என்று பங்கு போட்டு, ஏழு பேர் 20 சென்டிமீற்றர்ச் சதுரங்களைப் பின்னிச் சேர்த்தால் ஒரு மீற்றர் அகலமும் 1.4 மீற்றர் நீளமும் கொண்ட போர்வை தயார். தனியாளாகத் தொடங்கிய போர்வைகள் பாதியில் பெட்டிக்கடியில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையின் அருமை தெரியும். ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் எழுதிய மாதிரிகளைப் படிக்க முடியாத இளம்பெண்கள் இன்று தொலைபேசியில் வீடியோ பார்த்துக் கையசைவை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். விழுந்த கண்ணியைத் தூக்கிவிட மட்டும் இப்போதும் பக்கத்துவீட்டு அக்காதான்.

இந்த நட்பின் பெரிய சந்தர்ப்பம் பிள்ளைப்பேறு. கூட்டாளி ஒருத்திக்கு மாதம் ஏறினால் மற்றவர்கள் தொப்பி, கையுறை, காலுறை என்று பங்கிட்டுக்கொள்வார்கள். துடக்குக் கழிந்து பிள்ளை பார்க்கப் போகும்போது கொடுப்பதற்கு. 25 அல்லது 30 கிராம் நூலில் ஒரு தொப்பி முடிந்துவிடும். சிசுவுக்குப் பின்னும்போது அழகைவிடக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கையுறைக்கும் காலுறைக்கும் உள்ளே நூல் முனை தொங்கினால் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். கழுத்தில் முடிச்சிடும் நாடா தூங்கும் குழந்தைக்கு ஆகாது. பதுளைப் பக்கத்து மடுல்சீமைக் குளிரில் வேண்டிய தொப்பி மொனராகலை உச்சிவெயிலில் பிள்ளையை வேகவைக்கும். பிறந்த இடத்தைக் கேட்டுவிட்டு நூல் எடுப்பது நல்லது.

நூலால் ஆபத்து சிசுவுக்கு மட்டுமல்ல, வீட்டுப் பூனைக்கும் உண்டு. லயத்தில் பூனை வளர்ப்பது பெரும்பாலும் செல்லத்துக்காகத் தொடங்குவதில்லை. அரிசி மூட்டையும் மாவு மூட்டையும் ஒரே காம்பராவில் இருக்க, கூரைக்கும் சுவருக்கும் இடையே எலி ஓடும். எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. பூனை வந்தால் எலி குறையும், பிறகு அது அடுப்படியில் படுத்து வீட்டாளாகிவிடும். பின்னுகிற வீட்டில் அதற்கு இன்னொரு வேலையும் வந்துவிடுகிறது. உருளும் நூலுருண்டையைப் பூனை இரையாகவே பார்க்கிறது, தாவிப் பிடித்துக் கடிக்கிறது. நாட்காட்டிப் படங்களில் இது அழகு. உண்மையில் பூனைக்கு ஆபத்து. பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கிச் சாய்ந்த நுண்முட்கள் இருப்பதால் வாயில் போன நூலை அதனால் துப்ப முடிவதில்லை, விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் அதை நகர்த்த முயன்று தன்னைத்தானே சுருக்குப்பை போல மடித்துக்கொள்ளும். நூல் குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும். பூனை தின்ன மறுத்தால், திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால், நூல் காணாமற்போயிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினாலும் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. கால்நடை வைத்தியரிடம் உடனே கொண்டுபோக வேண்டும். இதைத் தவிர்க்கும் வழி மலிவானது. பெரிய பால்மா டின் ஒன்றின் பிளாஸ்டிக் மூடியில் துளையிட்டு, நூலுருண்டையை உள்ளே வைத்து, முனையை மட்டும் துளை வழியே வெளியே எடுத்துக்கொண்டால் உருண்டை உருளாது, பூனைக்கும் ஆர்வம் போகும். இரவில் ஊசியோடு நூலையும் சேர்த்து டின்னுக்குள் மூடிவிட வேண்டும். சிசுவுக்கான உடுப்பைக் கொடுப்பதற்கு முன் துவைத்துவிடுவது, அதில் ஒட்டியிருக்கும் பூனை மயிருக்காகவும் அவசியம்.

இவ்வளவு கைத்திறனும் காசாகிறதா என்பதுதான் கடைசிக் கேள்வி. ஆவதில்லை. ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். நடுத்தரத் தடிப்பு நூலில் 10 சென்டிமீற்றர்ச் சதுரத்துக்குச் சுமார் 22 கண்ணி அகலமும் 30 வரிசை உயரமும் வரும். பெரியவர் சுவெட்டர் ஒன்றுக்கு அப்படிப் பார்த்தால் 60,000 கண்ணிகள் அளவில் போகும். நிமிடத்துக்கு 30 கண்ணி போடும் பழகிய கைக்கும் அது 33 மணி நேர வேலை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. எட்டு மணி நேர நாளாக வைத்து அந்தக் கூலியையே பின்னலுக்கும் கொடுத்தால், நூல் விலை சேர்க்காமலே ஒரு சுவெட்டருக்கு 5,500 ரூபாவுக்கு மேல் வருகிறது. நுவரெலியாவின் பேல் பஸாரிலும் மலைநகரங்களின் நடைபாதைகளிலும் தொழிற்சாலைச் சுவெட்டர்கள் இதற்கு மிகவும் குறைந்த விலையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றோடு கையூசி விலையில் போட்டியிட முடியாது. போட்டியிடச் சொல்லும் சுயதொழில் ஆலோசனைகள் நூல் விலையை எண்ணுகின்றன, கை நேரத்தை எண்ண மறந்துவிடுகின்றன.

விற்கக்கூடியது சிறு பொருள்தான். தொப்பி, கைக்குட்டைப்பை, குழந்தை உடுப்பு, குரோசேப் பூ ஆகியவற்றில் நேரம் குறைவு, வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். எல்ல, ஹப்புத்தளை, லிப்டன் ஆசனம் என்று வரும் பயணிகள் குளிரை எதிர்பாராமல் வருபவர்கள். அவர்களுக்குத் தொப்பி தேவை, அது எங்கே யார் கையால் ஆனது என்ற சீட்டு ஒன்று அதில் இருந்தால் விலையும் கேட்கலாம். 1982ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய அருங்கலைகள் பேரவை உருவான நாட்டில் கைப்பணி என்றதும் முகமூடியும் பித்தளையும் பிரம்பும் காலிச் சரிகையும் நினைவுக்கு வருகின்றன. தோட்டத்துப் பெண்ணின் வூல் தொப்பியைப் பாரம்பரியம் என்று யாரும் எண்ணுவதில்லை. நூறாண்டுகளுக்கும் மேலாகக் கம்பளியோடு வாழும் மக்களின் கைவேலைக்கு அந்த வரிசையில் ஓரிடம் கேட்பதில் தவறில்லை. நூலை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கும் மகளிர் சங்கமோ கூட்டுறவுக் கடையோ தோட்டத்துக்கு ஒன்று இருந்தாலே பாதிச் சுமை குறையும். அதுவரை மலைநகரத் தெருவோரத்தில் கைப்பின்னல் தொப்பி ஒன்றைக் கையில் எடுக்கும் வாசகர், விலை கேட்டுவிட்டுப் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளலாம்.